பதினாறும் ஒன்றே

பாலைத்திணைப் பாடல்களை முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். வெந்த பரற்கற்களையும், வற்றிய சுனையையும், நிழலில்லாத மரத்தையும் மாணவர்க்கு எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கின்றேன். ஆனால் பாலை நிலத்தை என் கண்ணாரக் கண்டது பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான். அதுவும் தமிழ் வழங்கும் நாட்டில் அன்று. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில். என் மகள் தன் கணவரோடும் மகனோடும் அம்மாநிலத் தலைநகராகிய பீனிக்ஸ் நகரை அடுத்த ஓர் ஊரில் வாழ்கின்றாள். சொனோரா என்னும் பெரும்பாலையில் எழுந்த நகர் அது. மனிதர் கைகளை மேலே தூக்கி நிற்பது போல ஓங்கி நிற்கும் 'சகுவாரோ' என்னும் கள்ளி மரங்களை அங்கே கண்டபோது, இத்துணை ஆண்டுகளும் காணாத ஒன்றைக் கண்டவன் போலவே பாடம் சொல்லி வந்தோமே என்று சிறிது நாணமும் உண்டாயிற்று.

இங்கு நான் சொல்லப் புகுந்தது கள்ளியைப் பற்றியன்று. ஒரு விளையாட்டைப் பற்றி. விளையாட்டைப் பற்றித் தமிழ்ப் பண்டிதன் எழுதுவதா என்று நீங்கள் வியப்பீர்கள். நானும் வியந்தவனே.

என் பேரனுக்கு அப்போது பதினோரு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் அந்நாட்டில்தான். தமிழ் கேட்டால் அவனுக்குப் பொருள் விளங்கும். பேசும்போது சொற்கள் தயங்கித் தயங்கி வரும். என் ஆங்கிலமோ அவன் தமிழினும் தளர்ந்தது. ஆகவே நான் சென்ற முதல் வாரம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அன்போடு பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோமேயன்றிப் பேசியது குறைவு. நான் ஆத்திசூடியை எடுத்தேன். அவன் மரியாதையோடு கொட்டாவி விட்டான். எட்டாம் நாள் அவன் ஒரு கட்டம் போட்ட தாளையும் எழுதுகோலையும் கொணர்ந்து என்முன் வைத்து, "தாத்தா, இன்று நான் வாத்தியார். நீங்கள் மாணவன்" என்றான். அன்று தொடங்கியது என் பேஸ்பால் பாடம்.

பேஸ்பால் என்பது நம் நாட்டார்க்குப் பழக்கமான கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவு. மற்றொருவகையில் முற்றிலும் வேறு. பக்கத்திற்கு ஒன்பதின்மர் ஆடுவர். ஆடுகளத்தில் சாய்சதுரமாக நான்கு தளங்கள் அமைந்திருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி. பந்தெறிபவர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் சிறு மேட்டின்மீது நின்று எறிவார். மட்டையாளர் அதனை அடித்துவிட்டு முதல் தளத்திற்கு ஓடவேண்டும். பின்னர் இரண்டு, மூன்று எனக் கடந்து, தான் புறப்பட்ட தளத்திற்கே திரும்பிவந்தால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அப்பக்கத்தார் ஆடுமுறை முடியும். எதிர்ப்பக்கத்தார் ஆட வருவர். இவ்வாறு ஒன்பது சுற்று. அந்த நான்காம் தளத்தை அவர்கள் 'வீடு' என்றே வழங்குகின்றனர். வீட்டிலிருந்து புறப்பட்டு, இடையூறுகள் பல கடந்து, மீண்டும் வீடு வந்து சேர்வதே ஆட்டத்தின் பயன். "அறம், பொருள், இன்பம், வீடு" என்று நாற்பொருள் கற்பித்து வந்த எனக்கு இதில் ஓர் இன்பம் தோன்றிற்று. அதைப் பேரனுக்கு விளக்க முயன்றேன். "வீடு என்றால் வீடுதானே, தாத்தா?" என்று அவன் கேட்டதோடு அவ்விளக்கம் முற்றுப்பெற்றது.

ஆட்டத்தைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவன் வைத்திருந்த தாள். ஆட்டம் நிகழும்போதே ஒவ்வொரு மட்டையாளர்க்கும் என்ன நேர்ந்தது என்பதைக் குறியீடுகளால் அதில் பதிந்துகொண்டே வரவேண்டும். களத்தில் நிற்கும் ஒன்பதின்மர்க்கும் எண் உண்டு. எறிபவர் 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பந்து பிடிப்பவர் 2, முதல் தளக் காவலர் 3, இரண்டாம் தளத்தார் 4, மூன்றாம் தளத்தார் 5, இரண்டிற்கும் மூன்றிற்கும் இடையே நிற்பவர் 6, வெளிக்களத்து மூவர் 7, 8, 9. ஆறாமவர் பந்தை எடுத்து நான்காமவர்க்கு எறிய, அவர் மூன்றாமவர்க்கு எறிய, இருவர் ஆட்டமிழந்தனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-4-3 என்று எழுதினால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் சிறு சாய்சதுரம் வரைந்திருக்கும். மட்டையாளர் வீடு திரும்பினால் அதனை மையால் நிரப்பவேண்டும். யாப்பிலக்கணத்தில் செய்யுளை நேரசை நிரையசையாக அலகிடுகின்றோம் அல்லவா? அந்த வேலைதான் இது. அலகிடத் தெரிந்தவனுக்குச் செய்யுளின் ஓசை தாளிலேயே கேட்கும். இந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஐம்பது ஆண்டுக்கு முன் நடந்த ஆட்டமும் கண்முன் நடக்கும். மூன்றே நாளில் நான் கற்றுக்கொண்டேன் என்று பேரன் தன் தாயிடம் பெருமை பேசியது என் காதில் விழுந்தது. வித்துவான் தேர்வில் தேறியபோதுகூட அத்துணை மகிழ்ந்தேனில்லை.

மார்ச்சு 28ஆம் நாள், வியாழக்கிழமை. அமெரிக்க மண்ணில் அவ்வாண்டுப் பருவத்தின் முதல் நாள். அந்நாட்டின் இரு பெருங்கூட்டமைப்புகளிலும் சேர்த்து 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். அவற்றுள் பாதி சொந்த ஊரில். சொந்த ஊரில் நடக்கும் முதல் ஆட்டம் அவர்களுக்குத் தேர்த் திருவிழா போன்றது. பீனிக்ஸ் நகரத்து அணியின் பெயர் அரிசோனா டயமண்ட்பேக்ஸ். முதுகில் வைர வடிவக் கட்டங்களும், வாலில் கிலுகிலுப்பை போல் ஒலிக்கும் உறுப்பும் கொண்ட ஒரு நச்சுப் பாம்பின் பெயர் அது. நம்மவர் புலிக்கொடி, மீன்கொடி என்று கொண்டதுபோல இவர்கள் பாம்பைக் கொண்டனர். முந்திய 2023ஆம் ஆண்டில் அவ்வணி 84 ஆட்டங்களே வென்று, இறுதிப் போட்டிகளுக்கான கடைசி இடத்தில் எப்படியோ நுழைந்து, எவரும் எதிர்பாராத வகையில் உலகத் தொடர் வரை சென்றது. அங்கே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியிடம் 4-1 எனத் தோற்றது. ஆகவே இவ்வாண்டு எஞ்சிய ஒரு படியையும் ஏறிவிடுவோம் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருந்தது. என் பேரனிடம் அது நம்பிக்கையாக இல்லை. முடிந்துபோன செய்தியாகவே இருந்தது.

மாமாவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று என் மருமகன் நால்வர்க்கும் நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தார். 1998இல் திறக்கப்பட்ட அரங்கம் அது. பாலையின் வெயிலுக்கு அஞ்சி, மூடித் திறக்கும் கூரை அமைத்திருக்கின்றனர். வெளிக்களத்து வேலிக்கு அப்பால் நீச்சற்குளம் ஒன்றும் இருக்கின்றது. நீராடிக்கொண்டே ஆட்டம் காணலாம். பாலையில் குளத்தைக் கண்ட வியப்பில் நான் முதற்சுற்றின் பாதியைப் பதியத் தவறிவிட்டேன். பேரன் ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கி நிரப்பிக் கொடுத்தான்.

எதிரணி கொலராடோ ராக்கீஸ், டென்வர் நகரத்தார். ஊதா நிறம் அவர்களுடையது. முந்திய ஆண்டில் அவர்கள் 103 ஆட்டங்களில் தோற்றிருந்தனர். அன்று அவர்களுக்காக முதலில் பந்தெறிந்தவர் கைல் ஃப்ரீலண்ட் என்பவர்; டென்வர் நகரிலேயே பிறந்து அந்நகரத்து அணிக்கே ஆட வந்தவர். நம் பக்கத்தில் எறிந்தவர் ஸாக் காலன். நம் பக்கம் என்று எழுதிவிட்டேன். திருத்த மனம் வரவில்லை, இருக்கட்டும்.

மூன்றாம் சுற்று வந்தது. முதலில் ஓர் அடி. ஒருவர் தளம் சேர்ந்தார். அடுத்து ஓர் அடி. ஒருவர் வீடு வந்தார், இன்னொருவர் வந்தார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் அமரும் அரங்கம் எழுந்து நின்றது. எங்கே அடித்தாலும் பந்து ஆளில்லாத இடம் பார்த்து விழுந்தது. பேரன் இருக்கையின்மேல் ஏறி நின்றுகொண்டான். எழுதுகோல் என் கைக்கு வந்துவிட்டது. நான் சாய்சதுரங்களை நிரப்பிக்கொண்டே போனேன். மூன்றாம் சுற்றுக்குரிய பத்தியில் ஒன்பது கட்டங்களே உண்டு. ஒன்பதும் தீர்ந்தன; ஆனால் ஆட்டமிழந்தவர் மூவர் ஆகவில்லை. "தாத்தா, நான்காம் பத்திக்குப் போங்கள்! தலையில் உள்ள நான்கை அடித்துவிட்டு மூன்று என்று எழுதுங்கள்!" என்று மேலிருந்து ஆணை வந்தது. அப்படியே செய்தேன். அந்தப் பத்தியும் கறுத்துக்கொண்டே வந்தது. கணக்கில் வல்ல மாணவர் தாமே கண்டுகொள்ளலாம்: ஒரு சுற்றில் 14 பேர் வீடு திரும்பி 3 பேர் ஆட்டமிழக்க வேண்டுமானால் 17 பேருக்குக் குறையாமல் மட்டை பிடித்திருக்கவேண்டும் அன்றோ? ஆம், அச்சுற்றில் எடுத்த ஓட்டங்கள் 14. பருவத் தொடக்க நாளில் ஒரே சுற்றில் ஓர் அணி இத்தனை ஓட்டம் எடுத்தது 1900ஆம் ஆண்டுக்குப் பின் இதுவே முதன்முறை என்று பிறகு அறிந்தோம்.

ஒன்றை நான் கவனித்தேன். ஐந்தாம் ஓட்டத்திற்குக் கூட்டம் முழங்கியது. எட்டாம் ஓட்டத்திற்கும் முழங்கியது. பத்தாம் ஓட்டத்திற்கு மேல் முழக்கம் சிரிப்பாக மாறிற்று. வெற்றியின் ஒலிக்கும் சிரிப்பொலிக்கும் இடையே ஏதோ ஒரு கோடு இருக்கின்றது; கூட்டம் அதைத் தாண்டியபோது தனக்கே தெரியாமல் தாண்டியது.

ஃப்ரீலண்ட் அச்சுற்றை முடிக்கவில்லை. பத்து ஓட்டங்கள் அவர் கணக்கில் ஏறின. அவ்விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எறிபவரை மாற்ற வேண்டுமானால் அணியின் மேலாளர் தாமே மேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டுவார். எறிபவர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தனியே நடந்து வெளியேற வேண்டும். அத்தனை ஆயிரம் கண்களுக்கு முன்னே அந்த நடை மிக நீண்டது. அப்போது என் பேரன் இரு கைகளையும் வாயருகே குவித்து ஏதோ கூவினான். ஆங்கிலத்தில் கூவினான், எனக்குச் சொல் விளங்கவில்லை. ஆயினும் ஏளனத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

எங்களுக்கு முன்வரிசையில் என் வயதையொத்த ஓர் அம்மையார் ஊதாச் சட்டை அணிந்து தனியே அமர்ந்திருந்தார். அவர் மடியிலும் எங்களுடையதைப் போன்ற ஒரு தாள். பேரனின் கூவல் அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாளையும் எழுதுகோலையும் இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து நின்று, வெளியேறும் அந்த எறிவாளருக்காகக் கைதட்டினார். அவரைச் சுற்றியிருந்தவர் சிரித்தனர். அவர் அந்த ஆள் கண்ணுக்கு மறையும் வரை தட்டிவிட்டு அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து பதியத் தொடங்கினார்.

எனக்கு வெண்ணிக்குயத்தியார் நினைவு வந்தது. வெண்ணிப் போரில் வென்றவன் கரிகாற்பெருவளத்தான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். அப்புலவர் வென்ற மன்னனின் முன்னிலையிலேயே, தோற்றவனை நின்னினும் நல்லன் என்னும் கருத்துப்படப் பாடினார். புறநானூற்றில் 66ஆம் பாட்டு அது. எத்தனையோ ஆண்டுகள் அதற்குத் துறையும் திணையும் சொல்லிக் கொடுத்திருக்கின்றேன். அப்படிப் பாட எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை அந்த ஊதாச் சட்டையைப் பார்த்தபோதுதான் எண்ணினேன்.

பேரனின் தோளைத் தொட்டு அமர்த்தினேன். கடிந்துரைக்கவில்லை. கடிந்துரைக்க எனக்கு ஆங்கிலம் போதாது. அவனுக்குத் தமிழ் போதாது. தாளை அவன் மடியில் வைத்து, "நீ எழுது. எனக்குக் கை வலிக்கிறது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு முன்வரிசையைப் பார்த்தான். பிறகு நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாம் சுற்றுக்குப் பின்னர் மக்கள் எழுந்து போகத் தொடங்கினர். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் அமர்ந்திருப்பது கடினம். என் மகள் மறுநாள் பள்ளி உண்டே என்று நினைவூட்டினாள். பேரன் அசையவில்லை. முன்னிருந்த அம்மையாரும் அசையவில்லை. ஒன்பதாம் சுற்றின் இறுதியில் 16-1 என்று பலகை காட்டியபோது, எங்கள் வரிசையிலும் அவர் வரிசையிலுமாகச் சிலரே இருந்தோம். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி, பேரன் கையிலிருந்த தாளைக் கண்டு, "முழுவதும் பதிந்தாயா?" என்று கேட்டார். அவன் தலையசைத்தான். "நல்லது. நாளையும் ஆட்டம் உண்டு, வருவேன்" என்று சொல்லிச் சென்றார். இவ்வளவும் மருமகன் பின்னர் எனக்குத் தமிழாக்கிச் சொன்னது. வண்டியில் வரும்போது பேரன் வாய் திறக்கவில்லை. உறக்கம் என்று மகள் சொன்னாள்; அவன் கண்கள் திறந்தே இருந்தன.

என் மனநிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் நானும் எழுந்து நின்று ஆரவாரித்தேன். மேல்வேட்டி நழுவியதையும் அறியேன். ஆனால் வீடு திரும்பிப் படுத்தபோது, பெருவிருந்து உண்டு பாயசம் மிகுந்துபோனாற் போன்ற ஒரு திகட்டல். கம்பர் இராவணனை எத்துணைப் பெரியவனாகக் காட்டுகின்றார்! எதிரி பெருத்தால்தான் வெற்றி பெருக்கும். எதிரி சிறுத்துப்போன ஆட்டத்தில் பதினாறு ஓட்டமும் பதினாறு முறை ஒன்றையே சொல்வது போல இருந்தது. இது ஒரு கிழவனின் சுவைக்குறைவாகவும் இருக்கலாம். அப்படித்தான் என்று என் மருமகன் கருதினார். அவருக்கு அன்று வெறும் மகிழ்ச்சி. அதில் குற்றம் என்ன?

ஆயினும் மறுநாட் காலையில் அவரே எனக்கு இரண்டு செய்திகள் சொன்னார். 2001ஆம் ஆண்டு உலகத் தொடரில் இதே அணி, இதே அரங்கில், நியூயார்க் யாங்கீஸ் அணியை ஆறாம் ஆட்டத்தில் 15-2 என்று நொறுக்கியது. மறுநாள் ஏழாம் ஆட்டத்தில் 3-2 என்று வென்று உலகப் பட்டம் பெற்றது. கடைசிச் சுற்றில் லூயிஸ் கொன்ஸாலஸ் என்பவர் மெல்லத் தட்டிய பந்து களக்காவலரின் தலைக்குமேல் சென்று புல்லில் விழுந்தது. இன்றும் அந்நகரத்தார் பேசுவது அந்த மெல்லிய தட்டலைத்தான். 15-2ஐப் பேசுவார் அரியர். மற்றொன்று 1960ஆம் ஆண்டுக் கதை. அவ்வாண்டு உலகத் தொடரில் யாங்கீஸ் அணி மூன்று ஆட்டங்களை 16-3, 10-0, 12-0 என்று வென்றது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து அவர்கள் எடுத்தவை 55 ஓட்டங்கள். எதிரணியாகிய பிட்ஸ்பர்க் எடுத்தவை 27. பட்டம் பெற்றவர் யார்? பிட்ஸ்பர்க் அணியினர். நான்கு ஆட்டங்களைச் சிறு சிறு வேறுபாட்டில் அவர்கள் வென்றிருந்தனர். கடைசி ஆட்டத்தைக் கடைசிச் சுற்றில் பில் மஸராஸ்கி வேலிக்கு அப்பால் அடித்த ஓர் அடியால், 10-9 என்று.

இருமடங்கு ஓட்டம் எடுத்தவன் தோற்கும் இக்கணக்கு எனக்குப் புதிராக இருந்தது. நம் கிரிக்கெட்டில் அணிகள் புள்ளியில் சமமானால் நிகர ஓட்ட விகிதம் பார்ப்பர்; மிகையாக வென்றதற்கு ஓரளவு பயன் உண்டு. பேஸ்பாலில் அது இல்லை. ஓர் இரவில் மிஞ்சிய ஓட்டத்தை மற்றோர் இரவுக்குச் சேமிக்க இயலாது. மறுநாள் பலகை சுழியத்தில் தொடங்கும்.

மே மாத இறுதியில் நான் ஊர் திரும்பினேன். அந்தத் தாளைப் பேரன் எனக்கே கொடுத்துவிட்டான். அதன்பின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினோம். முன்பு "நலமா, உண்டாயா" என்பதற்கு மேல் செல்லாத பேச்சு, இப்போது அரைமணி நேரம் நீண்டது. ஓர் ஓட்டத்தில் தோற்ற ஆட்டங்களை அவன் விரிவாகச் சொல்வான். சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் தமிழ்ச்சொற்கள் தாமே வந்தன. 'நழுவவிட்டான்' என்ற சொல்லை நான் கற்பிக்கவில்லை, எங்கிருந்தோ பிடித்துக்கொண்டான்.

அவ்வாண்டு அவ்வணி மொத்தம் 886 ஓட்டங்கள் எடுத்தது. முப்பது அணிகளிலும் அதுவே மிகுதி. 89 ஆட்டங்களில் வென்றது. முந்திய ஆண்டைவிட ஐந்து கூடுதல். செப்டம்பர் 29ஆம் நாள் தன் கடைசி ஆட்டத்திலும் 11-2 என்று பெருவெற்றி பெற்றது. ஆனால் இறுதிப் போட்டிக்கு எஞ்சியிருந்த இரண்டு இடங்களுக்கு மூன்று அணிகள் போட்டியிட்டன: நியூயார்க் மெட்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், அரிசோனா. மெட்ஸும் பிரேவ்ஸும் தம்முள் ஆடவேண்டிய இரண்டு ஆட்டங்கள், ஹெலீன் என்னும் சூறாவளியால் தள்ளிவைக்கப்பட்டிருந்தன. அவற்றை மறுநாள், செப்டம்பர் 30 அன்று, ஒரே பகலில் அட்லாண்டாவில் ஆடினர். இரண்டிலும் ஒரே அணி வென்றால் தோற்ற அணி வெளியேறும். அரிசோனா உள்ளே வரும். ஆளுக்கொன்று வென்றால் மூன்று அணிகளும் 89 வெற்றியில் நிற்கும். 2022 முதல் அத்தகைய சமநிலையைத் தீர்க்கத் தனி ஆட்டம் வைப்பதில்லை. தம்முள் ஆடியபோது மிகுதியாக வென்றவர் யார் என்றே பார்க்கின்றனர். அரிசோனா அவ்விருவரிடமும் பின்தங்கியிருந்தது.

முதல் ஆட்டத்தில் மெட்ஸ் 8-7 என்று வென்றது. இரண்டாவதில் பிரேவ்ஸ் 3-0 என்று வென்றது. ஆளுக்கு ஒன்று.

அக்டோபர் முதல்நாள் பொழுது புலர்வதற்குள் என் தொலைபேசி ஒலித்தது. அங்கே அது முந்தைய நாள் மாலை. பேரன் பள்ளியிலிருந்து வந்திருந்தான். சிறிது நேரம் மூச்சொலி மட்டும் கேட்டது. பிறகு, "தாத்தா, 16-1இல் இரண்டு ஓட்டம் போதும்தானே வெல்ல?" என்றான்.

"ஆம், இரண்டு போதும்."

"மீதி பதினான்கு சும்மாதானே கிடக்கிறது? ஓர் ஓட்டத்தில் தோற்ற ஆட்டம் ஏதாவது ஒன்றுக்கு இரண்டை மட்டும் கொடுத்திருந்தால் 90 ஆகியிருக்கும். கொடுக்க முடியாதா?"

முடியாது என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் விடை சொல்லவில்லை. முதலில் அவனே ஆசிரியன். இப்போது ஆசிரியனே கேட்கும்போது மாணவன் என்ன சொல்வது?

"அந்த ஊதாச் சட்டைப் பாட்டியின் அணி இந்த ஆண்டு 101 ஆட்டம் தோற்றிருக்கிறது, தாத்தா. நூற்றொன்று! அவர்கள் எல்லாவற்றையும் எழுதியிருப்பார்களா?"

"எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்."

மீண்டும் மூச்சொலி. பிறகு, "நம் தாள் இருக்கிறதா?" என்று கேட்டான். விளக்கேற்றிப் பெட்டியைத் திறந்தேன். தொல்காப்பிய உரைநூலுக்குள் அதை வைத்திருந்தேன். மூன்றாம் சுற்றைப் படிக்கச் சொன்னான். கண்ணாடி அணிந்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். ஒவ்வொரு கறுத்த சாய்சதுரத்துக்கும் அவன் மறுமுனையில் எண்ணிக்கொண்டே வந்தான். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. நான் இன்னும் ஒன்று படித்தேன்.

"பதினைந்தா?"

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினோம். பதினைந்துதான். அன்றைய ஆரவாரத்தில், தளத்திலேயே நின்றுபோன ஒருவரையும் நான் வீடு சேர்த்துவிட்டிருக்கின்றேன். ஆறு திங்களாக அப்பிழை இருவர் கண்ணிலும் படவில்லை. அடித்துத் திருத்திவிடுகிறேன் என்று எழுதுகோலைத் தேடினேன்.

"வேண்டாம், வேண்டாம்!" என்று அவன் கூவினான். அந்தக் காலையில் முதன்முறையாக அவன் குரலில் சிரிப்புக் கேட்டது. "அந்த ஒன்று மிச்சம், தாத்தா. யார் கணக்கிலும் இல்லை. அடுத்த மார்ச்சு வரை நீங்களே வைத்திருங்கள்."

தாளை மீண்டும் மடித்து உரைநூலுக்குள் வைத்தேன்.